பாமிர் சாலையில் மதினியும் நானும்

ஜூலை 30, பாளையங்கோட்டை

பெட்டி கட்டியாயிற்று. நாளை ரயில், பிறகு டெல்லி, பிறகு விமானம்.

ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருஷம் உதவியாளராக இருந்துவிட்டு மே மாதம் ஓய்வு பெற்றேன். உடைந்த குடுவை, காணாமல் போன இடுக்கி என்று தினமும் பதிவேட்டில் எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மறுக்கிறது. அதனால் இந்த டைரி. மாணவர்களின் சோதனைக் குறிப்பேட்டில் ‘காண்பன’ என்று ஒரு கட்டமும் ‘அறிவன’ என்று ஒரு கட்டமும் இருக்கும். நான் காண்பன மட்டும் எழுதுவதாக உத்தேசம். அறிவன எழுதப் போனால் வம்பு.

நாளைக்கு இது யார் கையிலாவது கிடைத்தால் தலைகால் புரியாது என்பதால் மதினியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதினி என் அண்ணன் மனைவி. பெயர் ஆவுடையம்மாள், வயது அறுபத்தொன்று. அண்ணன் போய் ஆறு வருஷமாகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் அப்பா கட்டிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் பெயர் குழல்வாய்மொழி. மதினி வாயில் அது குழலி.

அண்ணன் இறந்த அந்த வருஷம் மதினிக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. போனில் எதையோ தேடப் போய், உலகத்தில் மனுஷன் போகவே கூடாத ரோடுகளை எல்லாம் பார்க்கப் பழகிவிட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே பொலிவியா, புளி கரைத்துக்கொண்டே ஐஸ்லாந்து. “ஏட்டி குழலி, இங்கன பாரு, சிலி நாட்டுல ரோடு கடலுக்குள்ள போயி மறுபடி ஏறுது” என்பாள். நான் “குழம்பு அடிபிடிக்கி மதினி” என்பேன். அவளுக்குத் தென்காசிக்குப் பஸ் மாறத் தெரியாது. ஆனால் பாகிஸ்தானில் எந்த வளைவில் மண் சரியும் என்று கேட்டால் சொல்வாள்.

மகன் தாணு கனடாவில் இருக்கிறான். மருமகள் நிவேதாவுக்கு அக்டோபரில் பிரசவம். மதினிக்கு விசா வந்துவிட்டது. போனால் ஒரேயடியாக அங்கேயேதான். எனக்கென்ன, தாய் மகனிடம் போவதில் நாத்தனார் பேச என்ன இருக்கிறது? பெரிய பெட்டி இரண்டு நானே போய் வாங்கி வந்தேன். அவள் அலமாரியையும் ஒழித்துக் கொடுத்தேன்.

“போறதுக்கு முன்ன உங்க ரோட்டுல ஒண்ணுக்குப் போயிட்டு வருவோம் மதினி” என்று சொன்னதும் நான்தான். நார்வே, சிலி, ஐஸ்லாந்து என்று அடுக்கியவள் கடைசியில் தஜிகிஸ்தானில் வந்து நின்றாள். பாமிர் சாலை. நாலாயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல் ஒரு கணவாய், அதைத் தாண்டினால் கறுப்பு ஏரி என்று ஒரு ஏரி. அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும் என்றாள்.

பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், சின்ன ரைஸ் குக்கர். எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 2, துஷான்பே

வந்து சேர்ந்தோம். ஊர் சுத்தமாக இருக்கிறது, வெயில் நம் ஊர் வெயில்தான்.

ஓட்டுநர் பெயர் நவ்ரூஸ். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு வேதியியல் வாத்தியாராம். நான் ஆய்வக ஆள் என்றதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடைந்த ஆங்கிலத்தில் அவர் பேச, நொறுங்கிய ஆங்கிலத்தில் நான் பேச, வண்டி ஓடுகிறது.

அவர் சொன்ன முதல் சட்டம்: ஒவ்வொருவரும் தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலியும், உடம்பு காயும், தண்ணீர் இல்லாவிட்டால் தலை கெட்டுப்போகும். ஆளுக்கொரு பெரிய பாட்டில் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் பயபக்தியோடு தலையை ஆட்டினோம்.

ஆட்டுவதற்கு என்ன. பஸ் ஏறுகிற நாளில் காலையில் அரை டம்ளர் காப்பியோடு நிறுத்திவிட வேண்டும் என்பது எனக்குப் பதினாலு வயசில் என் அம்மா போட்ட சட்டம். நவ்ரூஸ் சட்டத்துக்கு மூத்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போனாலும் அதே, திருப்பதி போனாலும் அதே. வழியில் எங்கே போய் ஒதுங்குவது? இங்கே மரம்கூட இல்லையாம்.

ஆகஸ்ட் 3, கலாய்கும்

நாள் முழுக்க வண்டி. மத்தியானத்துக்கு மேல் பாஞ்ச் என்ற ஆறு கூடவே வந்தது. சாம்பல் நிறத்தில், கோபமாக ஓடுகிறது. இந்தக் கரை தஜிகிஸ்தான், அந்தக் கரை ஆப்கானிஸ்தான். கல் எடுத்து எறிந்தால் போய் விழும் தூரம். அந்தப் பக்கம் மலையில் ஒற்றையடிப் பாதை, மண் வீடு, வாதுமை மரம்.

மதினி சன்னலை இறக்கி அந்தக் கரையில் கழுதையோடு போன ஒரு பெண்ணுக்குக் கையை ஆட்டினாள். “அவளுக்கு உங்களத் தெரியுமாக்கும்” என்று கேலி பண்ணினேன். அதற்குள் அந்தப் பெண் நின்று, தலைச்சுமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி ஆட்டினாள். மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. நான் தூசி என்றேன், அவளும் தூசி என்றாள்.

மதினி சுடிதார் போட்டிருக்கிறாள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு பாவாடை இல்லாமல் நடப்பது துணிமணி மறந்து வந்த மாதிரி இருக்கிறதாம்.

சாயங்காலம் தாணு கூப்பிட்டான். அங்கே காலை எட்டு மணி. என்றைக்கு டிக்கெட் போடட்டும், தேதி சொல்லம்மா என்றான். ஜூன் மாதத்திலிருந்து இதையேதான் கேட்கிறான். “விட்டு விட்டுக் கேக்குப்பா, பிறவு பேசுதேன்” என்று வைத்துவிட்டாள். காண்பன: போனில் நாலு கோடு சிக்னல் இருந்தது. எனக்கென்ன, அது அவர்கள் விஷயம்.

ஆகஸ்ட் 4

ரோடா அது. எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

ஆகஸ்ட் 5, கோரோக்

ஓய்வு நாள். தங்கியிருக்கும் வீட்டில் நடுக்கூடத்துக்கு மேல் கூரையில் சதுரமாக ஒரு வெளிச்ச சன்னல். ஐந்து மரத்தூண். கீழே மெத்தை மெத்தையாக விரித்திருக்கிறார்கள். வாசலில் பாதாமி மரம், பழம் கொட்டிக் கிடக்கிறது. காலையில் பாலும் உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொடுத்தார்கள். மதினி ஒரு வாய் குடித்துவிட்டு என் டம்ளரில் ஊற்றினாள். அடுப்படியில் இடம் கேட்டுப் புளிசாதம் கிண்டினாள். வீட்டுக்காரம்மா இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து நவ்ரூஸிடம் ஏதோ கேட்டாள். அக்கா தங்கையா என்று கேட்கிறாள் என்றார். நான் நாத்தனார் உறவை ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பிப்பதற்குள் மதினி “எஸ், சிஸ்டர்” என்றுவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே வீட்டில் ஏழு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள் நாங்கள். எனக்கு இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் மதினி அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லி அதை நிறுத்தினாள். ஏன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டேன். அந்த மாப்பிள்ளை முதல் மனைவியை அடித்துத் துரத்தியவன் என்று ஏழு வருஷம் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. “இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா மதினி” என்று போய் நின்றேன். “நீ கேக்கலையே” என்றாள். அதற்குப் பிறகு வேறு வரன் அமையவில்லை என்பது வேறு கதை. உண்மை தெரிந்த அன்று ராத்திரி இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

அவள் போய்விட்டால் சமையல் பாதியாகும். காலை ஐந்து மணிக்கு போனில் அலாஸ்கா ஓடாது. எனக்கென்ன, நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆகஸ்ட் 6, அலிசூர்

ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டர் ஏறிவிட்டோம். மரம் போயிற்று, பிறகு புதர் போயிற்று, பிறகு புல்லும் போயிற்று. மலை என்றால் நமக்குப் பச்சை. இங்கே மலை செம்பு, மஞ்சள், ஊதா. நடுவில் ஆள் அரவமில்லாத சமவெளி, அதில் ஒற்றைக் கோடாக ரோடு. வானம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.

முதல் கணவாயில் நவ்ரூஸ் வண்டியை நிறுத்தினார். நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர். மதினி இறங்கினாள், நின்றாள், ஒரு சத்தம் போட்டாள். பேச்சு இல்லை, வெறும் சத்தம். இந்த ரோட்டை ஆறு வருஷமாக உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் பார்த்தவள். கொழுத்த அணில் மாதிரி ஒரு பிராணி வளையிலிருந்து எட்டிப் பார்க்க, அதன் பின்னாலேயே போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அறுபத்தொரு வயது.

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையின் பின்பக்கம் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தலைவலி என்று எப்படிச் சொல்வது? நாளை பெரிய கணவாய், நாளை மறுநாள் அவள் ஏரி. இரண்டு நாள் பல்லைக் கடித்தால் முடிந்தது. நவ்ரூஸ் பாட்டிலைப் பார்ப்பார் என்று கால்வாசித் தண்ணீரைச் சக்கரத்தின் பின்னால் ஊற்றிவிட்டேன். வெட்டவெளியில் மறைவுக்குக் குடையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

“ஒனக்கு ஒண்ணும் செய்யலயே?” என்று மதினி கேட்டாள். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்றேன்.

சாயங்காலம். சாப்பிட முடியவில்லை. எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பேனா சரியில்லை.

ஆகஸ்ட் 7

நான் ஆவுடையம்மாள் எழுதுவது.

குழலி, இது உன் டைரி. தொடக்கூடாதுதான். ஆனால் இன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. பின்னால் நீ கேட்டால் என்னால் வாயால் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விடியும்போது நீ வாந்தி எடுத்தாய். சுவரைப் பிடித்து எழுந்து, கதவு எது என்று தெரியாமல் நின்றாய். “மணி அடிச்சிட்டா? பன்னெண்டாம் கிளாஸ் பிள்ளைக வந்துட்டா?” என்று என்னைக் கேட்டாய். நவ்ரூஸை எழுப்பினேன். காற்று மெலிந்த உயரத்தில் மூளை தடுமாறுகிறதா என்று பார்க்க, அவர் உன்னை ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியில் சாய்ந்தாய், அவர் பிடித்துக்கொண்டார். பிறகு உன் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்த என் பாட்டிலையும் பார்த்தார். இரண்டிலும் தண்ணீர் முக்கால் அளவு அப்படியே இருந்தது.

அந்த மனுஷன் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் பாஷையில்தான் திட்டினார், ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

ஆமாம், நானும் குடிக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே எங்கள் அம்மாவும் எனக்கு அதே சட்டம்தான் போட்டாள். எனக்கும் தலைவலி இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை, நீ ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறாயே என்று. சத்தம் போட்டு ஓடியதெல்லாம் நிஜம். ஓடிவிட்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் நிஜம்.

உடனே கீழே இறங்கணும், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார் நவ்ரூஸ். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கணவாயும் ஏரியும் இல்லை என்றார். அந்த நேரத்தில் ஏரி யாருக்கு வேண்டும்? வண்டியைத் திருப்புங்கள் என்று தமிழில் கத்தினேன். அவருக்குப் புரிந்தது.

ஐந்தரை மணி நேரம். நவ்ரூஸ் வண்டியில் வைத்திருந்த ஆக்சிஜன் குழாய் உன் மூக்கில், தலை என் மடியில். வழி முழுக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாய். “போவாதீங்க மதினி. கனடாவுக்குப் போவாதீங்க. அந்தப் பெட்டிய நான் கடையில திருப்பிக் குடுத்துருதேன். அலமாரில எல்லாத்தையும் பழையபடி அடுக்கிருதேன். போவாதீங்க.” பதினாலு தடவை. நான் எண்ணினேன். வேறு என்ன செய்ய?

ஜூனில் நீ பெட்டி வாங்கி வந்து கூடத்தில் வைத்தபோது, என்னை அனுப்ப உனக்கு அவசரம் என்று நினைத்தேன். சும்மா இல்லை, நாலு நாள் அப்படியே நினைத்தேன். உன் அப்பா வீடு. அண்ணன் போனபின் நான் அங்கே யார்? நீ இரு என்று சொல்லாமல் நானாக எப்படி இருப்பேன்?

இந்த டைரியை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டேன். ‘எனக்கென்ன’ என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். கிறுக்கச்சி.

இப்போது கோரோக்கில் இருக்கிறோம். டாக்டர் பார்த்தார், ஊசி போட்டார், மருந்து ஏறுகிறது. நன்றாக மூச்சு விடுகிறாய். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, கோரோக்

காலையில் கண் விழித்தபோது தலை லேசாக இருந்தது. நேற்று முழுக்க என்னிடம் இல்லை. டைரியைப் பிரித்தால் வேறு கையெழுத்து. படித்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ரொம்ப நேரம் படுத்திருந்தேன்.

மதினி ஒன்றும் நடக்காத மாதிரி கஞ்சி கொண்டு வந்தாள். அவலைப் பொடித்துக் காய்ச்சிய கஞ்சி. குடித்து முடித்தபின், ஒன்றுமே தெரியாதவள் மாதிரி, “நான் எதும் ஒளறினேனா மதினி?” என்று கேட்டேன்.

“ஒளறினே.”

“என்னன்னு?”

“படிச்சிருப்பியே.” டம்ளரைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “ஏட்டி, தல சுத்தும்போது சொல்லுதது சேத்தி இல்ல. தெளிஞ்சு இருக்கும்போது சொல்லணும்னா சொல்லு. இல்லன்னா நான் ஒண்ணும் நெனச்சிக்கிட மாட்டேன்.”

அறையை விட்டுப் போய்விட்டாள். சொல்ல வேண்டியது வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

என்ன உரிமையில் சொல்வது? அவளுக்கு ஒரே மகன். பிறக்கப் போவது முதல் பேரக் குழந்தை. பிள்ளையிடமிருந்து தாயைப் பிரித்து வைத்துக்கொண்டாள் அத்தைக்காரி என்று நாளைக்கு ஊர் பேசும், தாணுவே நினைப்பான். அவனுக்கு முதல் முதலாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் நான். அவன் மனசில் கெட்டுப்போக எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தனியாக இருக்கப் பயம் என்பதற்காக இன்னொருத்தி வாழ்க்கையைப் பிடித்து இழுக்கலாமா?

எழுதிவிட்டேன். எனக்குப் பயம். விளக்கைப் போட்டதும் வீட்டில் வேறு யாரும் இல்லை என்று தெரிகிற அந்த நிமிஷத்தை நினைத்தால் பயம். அவள் இல்லாத வீடு எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 9, கோரோக்

மதினி இரண்டு டம்ளரை எதிரெதிரே வைத்து, மணிக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்றுகிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு குடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்தில் கழிப்பறைக்கு யார் முதலில் என்று சண்டை. மூன்றாவது தடவை இரண்டு பேரும் ஒரே சமயம் எழுந்து, வாசலில் முட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அவஸ்தைப்பட்டோம். வீட்டுக்காரம்மாவும் ஏன் என்று தெரியாமலே கூடச் சிரித்தாள்.

இன்னும் சொல்லவில்லை.

“ஏரியப் பாக்காமப் போறோமே மதினி, என்னாலதான்” என்றேன்.

“நான்தான் ஏரிய நூறு வாட்டி பாத்திருக்கேனே” என்றாள்.

ஆகஸ்ட் 10, கலாய்கும் போகும் வழியில்

ரோட்டு வேலைக்காக வண்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணி நேரம் என்று சொன்னார்கள், அது நாலாயிற்று. முன்னால் பத்துப் பதினைந்து லாரி. ஓட்டுநர்கள் இறங்கி நிழலில் தர்ப்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நவ்ரூஸ் எங்களுக்கு இரண்டு துண்டு வாங்கி வந்து கொடுத்துவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்தார். நாங்கள் ஆற்றங்கரையில் ஒரு பாறைமேல் இருந்தோம். ஐந்து மணி வெயில் அந்தக் கரை மலையில் பட்டு மஞ்சளாக இருந்தது. ஆறு போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடமே உரக்கப் பேச வேண்டியிருந்தது.

போன் அடித்தது. தாணு. என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க முந்தின நாளும் கூப்பிட்டிருந்தான். ஆற்றுச் சத்தத்தில் கேட்காது என்று மதினி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அத்த எப்படிம்மா இருக்காங்க?”

“கல்லு மாதிரி இருக்கா. தர்ப்பூசணி திங்கா.”

“நல்லது. அம்மா, நான் கோவமாச் சொல்லல. நிவேதாவுக்கு இன்னும் ஒம்போது வாரந்தான். டிக்கெட் போடணும். இன்னைக்காவது ஒரு தேதி சொல்லு.”

மதினி இந்தத் தடவை சிக்னல் இல்லை என்று சொல்லவில்லை. போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேட்கிற பார்வை. முப்பத்தைந்து வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன், அதற்கு அர்த்தம் தெரியாமல் போகுமா? நான் இப்போதும் வாய் திறக்காவிட்டால் அவள் ஒரு தேதியைச் சொல்லிவிடுவாள். அதோடு முடிந்தது.

“போவாதீங்க மதினி” என்றேன்.

ஆற்றுச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அதனால் மறுபடியும், ரொம்பவே உரக்கச் சொல்லிவிட்டேன். “ஒரேயடியாப் போவாதீங்க மதினி! எனக்கு நீங்க வேணும்! நீங்க இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது!”

லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நவ்ரூஸ் பாதி எழுந்துவிட்டார். கையில் இருந்த தர்ப்பூசணியிலிருந்து சாறு முழங்கை வரை ஒழுகியது.

“அத்தை?” என்றான் தாணு.

“தாணு, தப்பா எடுத்துக்காத ராசா. பெரசவத்துக்கு அம்மா வரட்டும். நீ வேணுங்கிற வரைக்கும் இருக்கட்டும். நான் தடுக்கல. ஆனா திரும்பி வரணும். எனக்கு வேற யாரும் இல்லப்பா.”

அவன் சொன்னான். “அத்தை, ரெண்டு மாசமா அம்மாட்ட கேக்கேன், ஒனக்கு இங்க வரப் பிரியமா இல்லையான்னு. ‘குழலிட்ட ஒரு வார்த்த கேக்கணும், கேட்டுட்டுச் சொல்லுதேன்’னாங்க. ஒவ்வொரு தடவையும் அதேதான். அவங்க ஒங்ககிட்ட கேக்கவே இல்லையா?”

நான் மதினியைப் பார்த்தேன். “நீங்க கேக்கலையே” என்றேன்.

“நீ சொல்லலையே” என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். பிறகு முந்தானை இருக்கும் என்று தோளில் தேடி, அது இல்லாமல், சுடிதார் துப்பட்டாவால் என் முழங்கையிலிருந்த சாற்றைத் துடைத்துவிட்டாள். அதே துப்பட்டாவில் தன் மூக்கையும் சிந்தினாள்.

“பச்சப் பிள்ளைய வளத்து ஒரு நெலைக்குக் கொண்டாந்துட்டுத்தான்டி வருவேன். ஆறு மாசம்” என்றாள் என்னிடம்.

“நாலு.”

“நாலு மாசத்துல அங்க பனியே வடியாது. அந்தக் குளிருல பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டு வரச் சொல்லுதியா?”

“செரி. அஞ்சு.”

“அம்மா, ஆபீசுக்கு நேரமாச்சு” என்றான் தாணு. அவன் குரலும் ஒரு மாதிரி இருந்தது. “ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டு எனக்குத் தேதி சொல்லுங்க.”

மதினி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். “எப்பா தாணு, நான் அங்க வார தேதிய நீயே பாத்துப் போடு. வீட்டுக்குத் திரும்புத தேதிய அத்தை சொல்லுவா, எழுதிக்க” என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள்.

மார்ச் இரண்டு என்று சொன்னேன்.